வெடியண்ணையின் வேட்டி

கொம்பு வைத்த பெரிய மான் ஒன்றை ஒரே வெடியில் விழுத்தியவன் நான்.

பொய். துவக்கு என் கையில் இருந்ததே இல்லை. லைசென்ஸ் எடுக்கப் படிக்க வேண்டும் என்றார்கள். படிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் எழும்பி வந்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்ட நாளிலிருந்து என் பழக்கம் அதுதான். வேட்டைக்குப் போனது உண்மை. தேத்தண்ணிப் போத்தல் தூக்கத்தான் போனேன். மான் என்னைப் பார்த்தது. ஓடக்கூட இல்லை. எனக்கும் அந்த மானுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான்.

ஆனால் வெடியண்ணையைப் பற்றி நான் சொல்லப்போவதில் பொய் கிடையாது. நாங்கள் வெடிச்சத்தத்துக்குப் பயந்து கண்டம் விட்டுக் கண்டம் ஓடிவந்த சனம். இன்றைக்கும் ஜூலை முதலாம் தேதி, கனடா நாளுக்கு வாணம் விட்டால், பாதிப்பேர் சன்னலை விட்டுத் தள்ளித்தான் நிற்போம். அந்தச் சனத்துக்குள்ளே, முறையாக லைசென்ஸ் எடுத்து, வீட்டுக்கு அடியில் பேஸ்மன்றில் மேசை போட்டு, தன் கையாலேயே தோட்டா செய்கிற ஒரே மனுசன் வெடியண்ணை. ரொறன்ரோவில் மட்டுமில்லை, பூமியிலேயே. இன்னொருவர் இருந்தால் கூட்டிவாருங்கள், என் மீசையில் பாதியை எடுத்துவிடுகிறேன். அது ஏற்கெனவே பாதிதான் வளரும். எனக்கு நட்டமில்லை.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. அது கரண்ட் பில்லுக்கு மட்டும் தெரியும். வேலை மிசிசாகாவில், விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது. வீடு ரூஜில். அந்த வீட்டில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் வாடகைக்காரன் கீழே பேஸ்மன்றிலும் வீட்டுக்காரர் மேலேயும் இருப்பதுதான் முறை. இங்கே கீழே தோட்டா இருக்கிறது, மேலே நான் இருக்கிறேன். இருவரில் யாருக்கு மரியாதை என்று கேட்காதீர்கள்.

துவக்கு ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வாங்கியது. பழைய லீவர் துவக்கு. விசைக்குப் பக்கத்தில் இரும்பு வளையம் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், வெடித்த கோது வெளியே பறக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இரும்பு அலுமாரிக்குள் பூட்டி, திறப்பை இடுப்பில் கட்டியிருப்பார். அதற்குத் தோட்டா கடையில் பெட்டி பெட்டியாக விற்கிறது. வாங்க மாட்டார்.

"நீ கடைச் சாப்பாடு சாப்பிடுவியோ, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவியோ?" என்று கேட்பார்.

எனக்குக் கடைச் சாப்பாடுதான் விருப்பம். அவருடைய மனுசி மலரக்காவுக்கு முன்னால் அதைச் சொல்ல முடியாதே.

வேலை இதுதான்: வெடித்த பித்தளைக் கோதைக் கழுவி, அடியில் பிறைமர் என்கிற பொட்டுப்போன்ற சாமானைப் பதித்து, உள்ளே வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் சன்னம் என்கிற ஈயக் குண்டை வைத்து அமுக்கி மூட வேண்டும். எனக்குச் சொல்ல ஒரு மூச்சு. அவருக்குச் செய்ய ஒரு முழுப் பின்னேரம்.

கோது கழுவுவதற்கு வெள்ளைக்காரர் உருட்டுகிற மெசின் வைத்திருக்கிறார்களாம். வெடியண்ணைக்குப் பழப்புளி. குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டுத் தேய்ப்பார்.

"இஞ்சருங்கோ, போன கிழமைதான் ஒரு பக்கற் புளி வாங்கினனான். எங்க?" மலரக்கா மேலே நின்று கத்துவார்.

"கோதுக்குப் போட்டிட்டன்."

"அப்ப மீனுக்கு?"

"மீன் என்ன பித்தளையே?"

அன்றைக்கு எங்களுக்குப் புளியில்லாத மீன்குழம்பு. கோதுகள் மட்டும் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி மினுங்கின.

ஒரு கோதைத் தொலைக்கவும் மாட்டார். ஒருமுறை மாசி மாதம் சுட்டுப் பழகுகிற திடலுக்குப் போனோம். வெடி வைத்தார், வளையத்தை இழுத்தார், கோது பறந்துபோய்ப் பனிக்குள் புதைந்துவிட்டது. வேறு ஆளென்றால் விட்டுவிடுவான். எல்லாரும் வெடியை நிறுத்துகிற நேரம் வரும்வரை காத்திருந்துவிட்டு, இவர் காருக்குப் போய், மலரக்கா புட்டுமா அரிக்கிற அரிதட்டைத் தூக்கி வந்தார். முழங்காலில் நின்று பனியை அரிக்கத் தொடங்கினார். திடலுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் வந்து மேலேயும் கீழேயும் பார்த்தார்.

"வட் இஸ் ஹி டூயிங்?" என்று என்னைக் கேட்டார்.

"புட்டு," என்றேன்.

கோது கிடைத்தது. வெடியண்ணை அதைக் கைலேஞ்சியால் துடைத்து, ஊதி, சட்டைப் பைக்குள் வைத்து, பையையும் ஒருமுறை தடவிக் கொடுத்தார். நான் காய்ச்சலாய்க் கிடந்தபோதும் என்னை ஒருவரும் அப்படித் தடவியதில்லை.

முதல்முறை நான் பேஸ்மன்றுக்கு இறங்கியது ஒரு வின்ரர் நாள். மேலே கம்பளிச் சட்டை, கீழே நைலோன் காற்சட்டை. படியில் வைத்தே கையால் மறித்தார்.

"கழட்டு."

"என்னத்தையண்ணை?"

"எல்லாத்தையும். உன்ர உடுப்பில கரண்ட் இருக்கு."

இந்த ஊரில் வின்ரர் வந்தால் கதவுப்பிடியைத் தொட்டாலே சுரீர் என்று அடிக்கும். மருந்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பொறி பறந்தால் என்னாகும் என்று அவருக்குப் பயம். ஆகையால் அங்கே பருத்தி மட்டும்தான். எனக்கு ஒரு பழைய சாரம் தந்தார். அவருக்கு நாலு முழ வேட்டி. மேலே ஒன்றும் இல்லை. மூக்கில் வாசிக்கிற கண்ணாடி, அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி. உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று, தண்ணிக் குழாயில் கட்டிய செம்புக்கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். மருந்தை நிறுக்கத் தொடங்கினால் வாய் திறக்க மாட்டார். கதைத்தால் கவனம் போகும், கவனம் போனால் ஒரு கோதில் கூடும் ஒரு கோதில் குறையும் என்பார். ஆகவே அவசரமென்றால் விரல், மிக அவசரமென்றால் புருவம்.

கதைக்கிற நேரத்தில் ஒரு பாடம் சொன்னார். லீவர் துவக்கில் தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள்ளே, ஒன்றின் பின்னால் ஒன்றாக, பஸ்சுக்கு நிற்கிற சனம் மாதிரி நிற்கும். சன்னத்துக்குக் கூர்மூக்கு இருந்தால் முன்னால் நிற்கிறதின் பிறைமரில் போய்க் குத்தும்.

"அதால மூக்கு சப்பையா இருக்கவேணும்," என்றார். என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். "ஓம், உந்தளவு சப்பை காணும்."

இவ்வளவு பாடுபட்டுத் தோட்டா செய்கிறவர் எத்தனை மான் கொண்டுவந்தார்? ஒன்றும் இல்லை. வருசா வருசம் நவம்பரில் போவார், வெறுங்கையோடு வருவார். மான் வந்தாலும், நல்ல இடத்தில் படாது என்று ஒரு சின்னச் சந்தேகம் இருந்தால் விசையில் விரல் வைக்க மாட்டார். அவர் சந்தேகம் தீர்வதற்குள் மான் பீற்றர்பரோ தாண்டிவிடும்.

போன வருசம் மலரக்காவுக்குப் பொறுமை முடிந்தது.

"எனக்குக் கீழ ஒரு குசினி வேணும். மேல மீன் பொரிச்சால் என்ர கோட்டெல்லாம் மணக்குது. வேலையில பக்கத்துக் கதிரைக்காரி எழும்பிப் போறாள். உந்த நவம்பருக்கு இறைச்சி வந்தால் மேசை இருக்கட்டும். வராட்டி, மேசை வெளியில, அடுப்பு உள்ளுக்க."

"ரெண்டையும் வைக்கலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"மருந்தும் அடுப்பும் ஒரு அறைக்கையோ? விசரனே!" என்று இரண்டு பேரும் சேர்ந்து ஏசினார்கள். அவர்கள் ஒரே நேரத்தில் ஒரே சொல் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு வெடியண்ணை மெதுவாக, "ஓம்," என்றார். சொன்ன சொல் மாறாத மனுசன். அன்று அவர் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக் கனகம் அன்ரி எங்கள் வீட்டுக்கு ஒரு தெய்வத்தைக் கண்டுபிடித்தார். இலையுதிர் காலம். அன்ரி வேலியோரம் சருகு வாரிக்கொண்டு வந்தவர், பேஸ்மன்றின் குட்டிச் சன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே வெறும் மேலோடு, வேட்டி கட்டிய ஒரு மனுசன். முன்னால் வரிசை வரிசையாக மினுங்குகிற பித்தளை. ஒரு குட்டித் தராசு. சின்னக் கரண்டியால் எதையோ அள்ளி, கண்ணுக்கு நேரே பிடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் சொரிகிறார். வாய் பேசவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் மட்டும் என்ன நினைத்திருப்பீர்கள்?

"மலர், நீர் சொல்லவேயில்லை. உம்மட மனுசன் என்ன உபாசனை?"

மலரக்கா என்ன சொல்ல? தோட்டா செய்கிறார் என்றால் தெரு முழுக்கக் கதை பரவும்.

"ஏதோ செய்யிறார் அன்ரி. எனக்கும் வடிவாத் தெரியாது."

அது போதுமாயிருந்தது. அன்ரியின் மகன் கார் லைசென்சுக்கான ரோட் ரெஸ்றில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்த காலம். அடுத்த நாள் அன்ரி, சாமிக்குப் படைக்கிற மாதிரி ஒரு தேசிக்காயோடு பேஸ்மன்றுப் படி வரை வந்துவிட்டார். வெடியண்ணை தராசில் கண் வைத்திருந்தார். வாய் திறக்க முடியாது. போ, போ என்று கையை வீசினார். அன்ரி அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு, தேசிக்காயைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

மகன் பாஸ்.

பிறகு கேட்க வேண்டுமா? மார்க்கம் நகரத்தில் இருந்தெல்லாம் சனம் வந்தது. கலியாணத்துக்கு வேறு சாமி, விசாவுக்கு வேறு சாமி. இவர் ரோட் ரெஸ்றுக்கு மட்டும். பாரலல் பார்க்கிங்குக்கு விசேஷம் என்று யாரோ கட்டிவிட்டார்கள். படியெல்லாம் தேசிக்காய். மலரக்கா ஊறுகாய் போட்டார், புளி போன கவலை கொஞ்சம் தீர்ந்தது.

எனக்கு முழு உண்மையும் தெரியும். அவர் சாமியும் இல்லை, பூசாரியும் இல்லை, என்னைச் சாரம் கட்டவைத்த மனுசன். தெரிந்தும் ஒருவருக்கும் சொல்லாமல் நானும் ஒரு தேசிக்காய் வைத்துவிட்டு ரெஸ்றுக்குப் போனேன். ஃபெயில். "யூ டிட் நொட் சீ த ஸ்டொப் சைன்," என்றாள் பக்கத்தில் இருந்து சோதித்த பெண். வழக்கமான காரணம்தான். என் கண்ணுக்கும் ஸ்டொப் சைனுக்கும் ஆகாது. வீட்டுக்கு வந்து தேசிக்காயைத் திருப்பி எடுத்துத் தண்ணி கரைத்துக் குடித்தேன்.

வேட்டைக்கு முந்தின ஞாயிறு. இந்த முறை மேசையே பந்தயத்தில் இருக்கிறது என்பதால் வெடியண்ணை காலையே தலைமுழுகிவிட்டு வந்து இருந்தார். மலரக்கா வேலைக்குப் போய்விட்டார். நான் சாரத்தோடு மூலையில் குந்தியிருந்தேன். கோதுகள் பலகையில் நிற்கின்றன, பாதிக்கு மருந்து போட்டாகிவிட்டது. பக்கக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன், கனகம் அன்ரியும் இன்னும் இரண்டு பேரும் படியில் இறங்கி வருகிறார்கள். நன்றிக்கடன் தீர்க்க வருகிறார்களாம். அன்ரியின் கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் பூ, வாழைப்பழம், நடுவில் கொழுந்துவிட்டு எரிகிற கற்பூரம்.

வெடியண்ணை முதலில் விரலைத் தூக்கினார். பிறகு புருவத்தைத் தூக்கினார். அன்ரி இன்னும் ஒரு படி இறங்கினார்.

"நெருப்பு!"

அந்தப் பேஸ்மன்றில் மருந்து வெளியே இருக்கும்போது அவர் திறந்த முதல் வாய் அது. வீடு அதிர்ந்தது. கதிரை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். நான் பாய்ந்து தாம்பாளத்தைப் பறித்துக்கொண்டு, சாரம் காலில் தடக்கத் தடக்க, பக்கக் கதவால் வெளியே ஓடி, சருகுக் குவியலைக் கண்டு திரும்பி, கடைசியில் அன்ரியின் பூச்செடித் தொட்டிக்குள் கவிழ்த்தேன். இடது புருவம் பாதி போய்விட்டது. மீசைக்குச் சோடி.

திரும்பி வந்தால் மூன்று பெண்களும் கைகூப்பி நிற்கிறார்கள்.

"உரு வந்திட்டுது," என்றார் அன்ரி, கண்ணில் நீரோடு. "பாத்தனியளே, என்னமாதிரி ஆடினவர்!"

அவர்களை வழியனுப்பிவிட்டு, வெடியண்ணை செம்புக்கம்பியைத் தொட்டு, மறுபடி இருந்தார். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து.

பீற்றர்பரோவுக்கு வடக்கே, தெரிந்த ஒருவரின் பண்ணைக் காடு. இரண்டு பேரும் ஒரேஞ்சு நிறச் சட்டை போட்டு, பெரிய மரம் ஒன்றில் சாய்ந்து நின்றோம். குளிரில் என் பல்லு தாளம் போட்டது. நான் கேட்டேன்:

"அண்ணை, உண்மையாச் சொல்லுங்கோ. அங்க ஊரில பட்டது போதாதெண்டே இஞ்ச வந்தும் வெடி?"

மரங்களுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு காதுக்குள் சொன்னார். "அங்க ஆரோ செய்து, ஆரோ விட்டது. எப்ப வரும், எங்க விழும், ஒண்டும் தெரியாது. இது நான் செய்யிறது. எனக்கு எல்லாம் தெரியும். அவ்வளவுதான்ரா."

அப்போதுதான் மான் வந்தது. கொம்போடு. பக்கவாட்டில், படம் எடுக்க வந்த மாதிரி நின்றது. வெடியண்ணை துவக்கைத் தோளில் வைத்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான் மனதுக்குள் இறைச்சிக் கறிக்கு வெங்காயம் வெட்டத் தொடங்கிவிட்டேன். விசையை இழுத்தார்.

"டப்."

சோடாப் போத்தல் திறந்தது போல ஒரு சத்தம். தோள் அசையவில்லை. மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. இன்னும் அங்கேயே நின்றது!

"இழுங்கோ அண்ணை! வளையத்தை இழுத்து அடுத்ததை அடியுங்கோ!"

"மாட்டன்." துவக்கின் வாயை மண் மேட்டுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். "மருந்தில்லாத தோட்டா. பிறைமர் மட்டும் வெடிச்சிருக்கு. சன்னம் குழலுக்க இறுகி நிக்குது. பின்னால இன்னொண்டை அடிச்சால் துவக்கு வெடிக்கும்."

"வெடிக்காமலும் விடலாம் எல்லோ?"

"விடலாம். நீ எங்க நிக்கிறாய் எண்டு ஒருக்காப் பார்."

பார்த்தேன். அவருடைய தோளோடு தோள் ஒட்டி, தேத்தண்ணிப் போத்தலோடு நின்றேன்.

"அண்ணை, மேசை போயிடும்."

"போகட்டும்."

மான் ஒரு இலையைக் கடித்தது. சாவகாசமாக மென்றது. பிறகு எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போய்விட்டது.

வீட்டுக்கு வந்தார், துவக்கைப் பூட்டினார், வேட்டியைக் கட்டினார், ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே போனார். தோட்டா அமுக்குகிற இரும்பை மேசையிலிருந்து கழற்றத் தொடங்கினார். மலரக்கா படியில் நின்று பார்த்தார்.

"இறைச்சி?"

"இல்லை. உமக்கு நாளைக்கு இடம் ஒதுக்கித் தாறன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகையால் நான் சொன்னேன். கற்பூரம், டப், குழல், மான், எல்லாம். என் பல்லு இன்னும் தாளம்தான்.

"நீ எங்க நிண்டனி?" என்று கேட்டார் மலரக்கா.

"பக்கத்தில, அக்கா. ஒட்டிக்கொண்டு."

மலரக்கா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். இருக்கிற புருவம், இல்லாத புருவம், பாதி மீசை. "உவனுக்காகவோ மானை விட்டனியள்?"

"உவன் போனால் தேத்தண்ணி ஆர் தூக்கிறது?" ஸ்பானரிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார் வெடியண்ணை.

மலரக்கா இரண்டு படி இறங்கி வந்தார்.

"முடுக்குங்கோ," என்றார் மலரக்கா.

"என்னது?"

"கழட்டின நட்டைத் திருப்பி முடுக்குங்கோ எண்டன். எனக்கு அடுப்பு கராஜில இருந்தால் போதும்."

இப்போது மலரக்கா பெரிய கோட்டும் பூட்சும் போட்டுக்கொண்டு கராஜில் நின்று மீன் பொரிக்கிறார். புகை தெரு வரை போகிறது. யாகமும் தொடங்கிவிட்டார்கள் என்று கனகம் அன்ரி எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். கூடவே இரண்டு புதுச் சட்டம் வந்தது. மருந்து வெளியே இருக்கிற நேரம் பக்கக் கதவு பூட்டு, திறப்பு மலரக்காவிடம். மற்றது, வெடியண்ணை மருந்து போட்டு முடித்ததும் இன்னொரு ஆள் ரோச் லைற் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்க்க வேண்டும். பார்த்து, இருக்கு என்று தலையாட்டினால்தான் சன்னம் வைத்து மூடலாம். இன்னொரு ஆள் நான்.

கனகம் அன்ரியின் மகன் இப்போது பெரிய ட்ரக் ஓட்டுகிறான். போன கிழமை அந்த ட்ரக்கை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, வெடியண்ணையை வேட்டியோடு முன் சீற்றில் ஏற்றிவிட்டான். இவருக்கோ ட்ரக்கில் எது பிரேக், எது ஹோர்ன் என்று தெரியாது. எதிரே மலரக்கா பொரித்த மீன் சட்டியோடு கராஜ் கதவைத் திறக்க...

டொக். டொக்.

கீழேயிருந்து வெடியண்ணை கூட்டுகிற தும்புத்தடியால் பேஸ்மன்றுக் கூரையை இடிக்கிறார். மருந்து போட்டாகிவிட்டது. வாய் திறக்க மாட்டார்.

"வாறன் அண்ணை, வாறன்!"

ட்ரக் அப்படியே நிற்கட்டும். நான் சாரம் கட்ட வேண்டும், ரோச் தேட வேண்டும். ஸ்டொப் சைனையே காணாத கண் என்று இந்த ஊர் முழுக்கத் தெரிந்த கண் இது. அந்தக் கண் வந்து பார்த்துத் தலையாட்டும் வரை, கோதுகளை மூடாமல் கீழே ஒரு மனுசன் காத்துக்கொண்டிருக்கிறார்.